விதைக்கு விட்ட ஆறு செடிகள்

புளிச்சக்கீரையை இலைக்காக மட்டும் வளர்ப்பவர்கள் அந்தச் செடியின் முழு உருவத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். முழங்கால் உயரம் வந்ததும் ஒடித்துக் கடைந்துவிடுவார்கள். அந்த வயதில் அதன் இலை ஒரே தகடாக, சாதுவாக இருக்கும். விதைக்கு விட்டால்தான் செடி ஆள் உயரத்தைத் தாண்டும். மேலே போகப் போக இலை பிளக்கும். முதலில் மூன்று விரல், பிறகு ஐந்து, உச்சியில் ஏழுகூட வரும். ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி பல். அந்த நிலையில் முன்பின் தெரியாதவர் யார் பார்த்தாலும் கஞ்சா என்றுதான் சொல்வார்கள்.

நான் தாவரவியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் ஈரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான்கு வருஷம் பாடம் எடுத்தேன். இந்த இலை ஒற்றுமையை வகுப்பில் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் துபாயில், எட்டாவது மாடி பால்கனியில், நானே அதை ஆறு தொட்டிகளில் ஓங்க விட்டபோது அந்த நினைப்பு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அது கீரை. அவ்வளவுதான்.

எங்கள் வீடு பர் துபாயில், மீனா பஜாருக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் பழைய கட்டடத்தில். என் வீட்டுக்காரர் கட்டடங்களுக்கு ஏசி டிசைன் செய்யும் இன்ஜினியர். மகள் எட்டாம் வகுப்பு. பக்கத்து ஃப்ளாட்டில் மதுரைக்காரர்கள். அந்த வீட்டுப் பெண் என்னைவிட ஆறு வயது சின்னவள். அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. இரண்டு வீட்டு பால்கனிகளுக்கும் நடுவே மார்பளவு சுவர்தான். குழம்புக் கிண்ணம் அந்தச் சுவரின் மேல்தான் போகும், வரும். ஒன்பது வருஷம் அப்படிப் போயிற்று.

அவளுக்கு இரண்டாவது குழந்தை சிசேரியனில் பிறந்தபோது ஊரிலிருந்து யாருக்கும் விசா கிடைக்கவில்லை. நாற்பது நாள் அவளுக்குப் பத்தியச் சாப்பாடு என் அடுப்பில்தான் வெந்தது. விமானங்கள் ஓடாமல் நின்ற மாதங்களில் என் அப்பா இறந்துபோனார். காரியத்தை நான் போனில்தான் பார்த்தேன். அன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். போனைப் பிடித்திருந்ததும் அவள்தான். இதையெல்லாம் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

ஒரு லீவில் ஊருக்குப் போனபோது கோபிசெட்டிப்பாளையத்தில் ஒரு விதைக் கடையில் புளிச்சக்கீரை விதைப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்தேன். இங்கே கடையில் புளிச்சக்கீரை என்று விற்பது பெரும்பாலும் சிவப்புத் தண்டுக்காரன். அதில் எங்கள் பக்கத்துக் கடைசலின் ருசி வராது. நான் வாங்கி வந்தது பச்சைத் தண்டு. பிப்ரவரியில் போட்டேன். மார்ச் முடிவதற்குள் இரண்டு தரம் ஒடித்தேன். சின்ன வெங்காயம், மல்லி, பச்சை மிளகாய், பூண்டு சேர்த்து வேகவைத்து மத்தால் கடைந்து, மேலே நல்லெண்ணெய் விட்டு ஒரு கிண்ணம் சுவருக்கு அந்தப் பக்கம் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் வெறும் கிண்ணம் திரும்பி வந்தது.

"என்னக்கா இது, இம்புட்டு நல்லா இருக்கு! அவரு வழிச்சு நக்கிட்டாரு. எனக்குக் கொஞ்சூண்டுதான் கெடைச்சுச்சு."

அந்த வருஷம் நான்கு செடிகளை ஒடிக்காமல் விதைக்கு விட்டேன். கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றினேன். இந்தச் செடிக்குப் பகல் குறைய ஆரம்பித்தால்தான் பூக்கத் தோன்றும். அக்டோபரில் முதல் பூ விரிந்தது. வெளிர் மஞ்சள், நடுவில் கரும் அரக்கில் ஒரு வட்டம். காலையில் விரிந்து மதியமே வாடிவிடும். வாடிய பூவுக்குக் கீழே காய் திரளும். காயின் மேல் பூனை முடி மாதிரி சுணை இருக்கும். வெறுங்கையால் தொட்டால் நாள் முழுக்க அரிக்கும். டிசம்பரில் காய்கள் பழுப்பாகிக் காய்ந்தன. நன்றாக வெடிக்கட்டும் என்று விட்டால் விதை கீழ்மாடிக்காரர் துணியில் கொட்டிவிடும். வெடிக்கும் முன்பே, பனி காய்ந்த பத்து மணிக்குமேல், தண்டோடு அறுக்க வேண்டும். அறுத்துத் தலைகீழாகக் கட்டி, காய்களைக் காகிதப் பைக்குள் நுழைத்து, ஸ்டோர் ரூம் கம்பியில் தொங்கவிட்டேன். வெயிலில் போடவில்லை. இங்கத்து வெயில் விதையின் உயிரை எடுத்துவிடும்.

இரண்டு வாரம் கழித்து அவளும் நானும் ஹாலில் செய்தித்தாளை விரித்து, கையில் சமையலறைக் கையுறை போட்டுக்கொண்டு காய்களைக் கசக்கினோம். சாம்பல் நிறத்தில், மூன்று முனை கொண்ட சின்னச் சின்ன விதைகள். முறத்துக்குப் பதிலாக எவர்சில்வர் தட்டில் போட்டுப் புடைத்தோம். தூசி பறந்து இரண்டு பேருக்கும் தும்மல். விதை காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துக் காட்டினேன். பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது. டக்கென்று உடைந்தால் எடுத்து வைக்கலாம். அவளும் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "டக்குங்குதுக்கா" என்றாள். ஹார்லிக்ஸ் பாட்டிலின் அடியில் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து போட்டு, அதன்மேல் விதையைக் கொட்டி, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். வைப்பதற்கு முன் பத்து விதையை ஈர டிஷ்யூவில் மடித்துவைத்துப் பார்த்தேன். நான்காம் நாள் ஒன்பது முளைத்திருந்தன.

அவளுக்கென்று கொஞ்சம் விதையைத் தனியாக ஒரு வெள்ளைக் கவரில் போட்டேன். டீச்சர் புத்தி போகவில்லை. கவரின் மேல் ஆங்கிலத்தில் செடியின் தாவரவியல் பெயரை எழுதி அடிக்கோடு போட்டேன். ஹைபிஸ்கஸ் கன்னாபினஸ். கஞ்சா இலை போல இலை உள்ளது என்பதால் வைத்த பெயர். அதற்குக் கீழே தமிழில் "ஜனவரியில் போடவும்" என்று எழுதி, அப்புறம் குளிர் நினைவுக்கு வந்து ஜனவரியை அடித்துவிட்டு மேலே பிப்ரவரி என்று திருத்தினேன். அவள் கவரை வாங்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"டீச்சரே தப்பு விடுறாங்க."

"வாங்கிட்டுப் போ புள்ள."

அடுத்த பிப்ரவரியில் இரண்டு பால்கனியிலும் புளிச்சக்கீரை. அவள் மூன்று பெயிண்ட் வாளிகளில் போட்டிருந்தாள். நான் இந்த முறை ஆறு செடியை விதைக்கு விட்டேன். விதை கேட்டு ஷார்ஜாவில் இரண்டு குடும்பத்தார் சொல்லி வைத்திருந்தார்கள். ஜூலையில் நாங்கள் ஊருக்குப் போனோம். எங்கள் வீட்டின் இன்னொரு சாவி எப்போதும் அவளிடம்தான் இருக்கும். ஐந்து வாரம் தினமும் வந்து தண்ணீர் விட்டாள். செடிகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவாள். "உங்க பிள்ளைங்க நல்லா இருக்குக்கா" என்று கீழே எழுதியிருப்பாள்.

திரும்பி வந்தபோது செடிகள் என் தலைக்கு மேலே இருந்தன. இலைகள் ஐந்து விரலாக விரிந்திருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் போனால் பூத்துவிடும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி உலர்த்தப் போனேன். அவள் பக்கத்துப் பெயிண்ட் வாளிகள் மூன்றும் வெறுமையாக இருந்தன. மண்கூட இல்லை. கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

"ஏம்மா, செடி எங்க?"

உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "பூச்சி விழுந்துருச்சுக்கா. வெள்ளை வெள்ளையா. அவரு சத்தம் போட்டாரு. பிடுங்கிப் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேப்பெண்ணெய் குடுத்திருப்பேனே."

"விடுங்கக்கா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

என் செடிகளில் ஒரு பூச்சியும் இல்லை. சுவர் ஓரம் இருந்ததில்கூட இல்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆனாலும் அவள் சொன்னதை நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் இல்லை.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மணி அடித்தது. நாத்தூர், அதாவது எங்கள் கட்டடக் காவல்காரர், முதலில் நின்றார். பெஷாவர்காரர், வயதானவர். எப்போதும் கதவு திறந்ததும் சலாம் சொல்பவர் அன்றைக்குத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் சாதாரண உடையில் இரண்டு ஆண்கள், கறுப்பு அபாயா அங்கி அணிந்த ஒரு பெண். அடையாள அட்டையைக் காட்டினார்கள். பால்கனியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண் செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

பால்கனிக் கதவைத் திறந்ததும் மூத்த அதிகாரி செடிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. 

"சார், இது கீரை. சாப்பிடறது. எங்க ஊர்க் கீரை" என்றேன் ஆங்கிலத்தில். வாய் குழறியது.

"இருக்கலாம் மேடம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

ஆறு செடிகளையும் வேரோடு பிடுங்கிப் பெரிய பைகளில் போட்டுக் கட்டினார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தார்கள். அதில் நான் ஒட்டியிருந்த சீட்டிலும் அந்தத் தாவரவியல் பெயர் எழுதியிருந்தது. இளைய அதிகாரி அதைப் போனில் எழுத்து எழுத்தாகத் தட்டிப் பார்த்துவிட்டு மூத்தவரிடம் காட்டினார். அவர்கள் அரபியில் பேசிக்கொண்டார்கள். ஓமம், எள், சப்ஜா விதை என்று பாட்டிலில் இருந்தது எல்லாமே பைக்குள் போயிற்று.

போகும்போது மூத்தவர் பக்கத்து வீட்டு மணியை அழுத்தினார். நான் என் வாசலில் நின்றிருந்தேன். அவள் கதவைத் திறந்தாள். நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இவர்கள் வீட்டில் இருந்த செடி என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று அவர் கேட்டார்.

"தெரியாது சார்" என்றாள். அவளுடைய ஆங்கிலம் எப்போதும் கொஞ்சம் திக்கும். அன்றைக்குத் திக்கவில்லை. "ஏதோ கீரை என்று சொன்னார்கள். நாங்கள் வெளியாட்கள் கொடுப்பதைச் சாப்பிடுவதில்லை."

பயத்தில் சொல்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். போலீஸ் நிற்கும்போது யாருக்கும் பயமாகத்தானே இருக்கும். வெளியாட்கள் என்ற சொல் மட்டும் முள்ளாகத் தைத்தது. அதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தேன். அதைவிடப் பெரிய காரியம் இருந்தது. வீட்டு வாடகை ஒப்பந்தம் என் வீட்டுக்காரர் பெயரில் இருந்ததால் அவர் வரவேண்டும் என்றார்கள். வளர்த்தது நான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அந்தப் பெண் அதிகாரி என் கையைப் பிடித்து, "அவரிடம் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார்.

வீட்டுக்காரர் டூட்டியிலிருந்து டாக்ஸி பிடித்து வந்தார். கழுத்தில் ஆபீஸ் கார்டு தொங்கிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"பாப்பா ஸ்கூல்ல இருந்து வந்தா ஆபீஸ் வேலையா போயிருக்கேன்னு சொல்லு. எதையும் காட்டிக்காதே."

"ஏனுங்க, நான்தானே…"

"நீ கீரைதானே போட்ட? பின்ன எதுக்கு அழுகற?"

அவர்களோடு லிஃப்டில் இறங்கிப் போனார்.

அன்று மாலை மகள் வந்து, அப்பா எங்கே என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன். அவள் பால்கனியைப் பார்த்துவிட்டு, "அம்மா, வேர் ஆர் யுவர் பிளான்ட்ஸ்?" என்றாள். பூச்சி விழுந்துவிட்டது என்று சொன்னேன். அந்தப் பொய் என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு செய்திகூட இல்லை.

மறுநாள் காலையில் என்னையும் வரச்சொன்னார்கள். அந்த மூத்த அதிகாரியின் அறை. எனக்குச் சாயா வரவழைத்தார். குடிக்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார், சாப்பிட்டார் என்றார். பிறகு தன் போனை எடுத்து ஒரு படத்தைப் பெரிதாக்கி என் முன்னால் வைத்தார்.

"இது உங்கள் கையெழுத்தா?"

ஒரு வெள்ளைக் கவர். அடிக்கோடு போட்ட தாவரவியல் பெயர். கீழே தமிழில் ஜனவரி அடித்துத் திருத்தப்பட்டு, மேலே பிப்ரவரி.

நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. பாட்டிலில் இருந்த சீட்டை அவர்கள் என் வீட்டில் எடுத்தார்கள். இந்தக் கவர் என் வீட்டில் இல்லை. இதுபோல ஒன்றுதான் நான் எழுதினேன். அதை ஒருத்தியிடம்தான் கொடுத்தேன்.

"மேடம்?"

"என் கையெழுத்துதான் சார்."

"இந்தச் சொல்லைப் பார்த்தீர்களா?" என்று கன்னாபினஸ் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

சொன்னேன். ஒரு வகுப்பு முழுவதையும் அந்த மேசைக்கு முன்னால் எடுத்தேன். இலை மட்டும்தான் அப்படி, இது வேறு குடும்பம், செம்பருத்தியும் வெண்டையும் பருத்தியும் இதற்குச் சொந்தம், தண்டில் முள் இருக்கும், கஞ்சாவில் முள் கிடையாது, இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் மஞ்சள் பூ பூத்திருக்கும் என்று எல்லாமும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அதை லேப் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது."

"சரிங்க சார்."

"இந்த விதையை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா?"

நான் இப்போதும் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது இந்தக் கேள்வியைத்தான். பெயரைச் சொல்லி, அவளும் மூன்று வாளியில் வளர்த்தாள், கடைசல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், என் வீட்டுக்குள் வந்து இதே செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள் என்று அடுக்கியிருக்கலாம். போனில் படங்கள் இருந்தன. நாக்கு நுனி வரை வந்தது. அவள் சின்னக் குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது. நாற்பது நாள் என் கையில் குளித்த குழந்தை.

"இந்தக் கவர் யாரிடம் இருந்து உங்களுக்கு வந்ததோ, அவர்களுக்குத்தான் கொடுத்தேன்" என்றேன். "வேறு யாருக்கும் இல்லை."

அவர் பேனாவை எடுத்தார். ஏதோ எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்.

டாக்ஸியில் வரும்போது நான் அழவில்லை. கோபம்கூட வரவில்லை. அந்தக் கவரை அவள் எங்கே வைத்துப் படம் எடுத்திருப்பாள் என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையிலா? ஜன்னல் பக்கம் வெளிச்சத்திலா? எழுத்து தெளிவாக விழவேண்டும் என்று இரண்டு முறை எடுத்திருப்பாளா? வீட்டுக்கு வந்து அவள் கதவைத் தாண்டும்போது கால் நின்றது. மணியை அழுத்தக் கை போயிற்று. அழுத்தவில்லை. அவள் திறந்தால் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்காரரை விட்டார்கள். லேப் முடிவு வரும் வரை பாஸ்போர்ட் அங்கே இருக்கும் என்றார்கள். அவர் வந்ததும் குளித்தார். குளித்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். மூலையில் இருந்த கறிவேப்பிலைச் செடியை மட்டும் போலீஸ் விட்டுப் போயிருந்தது. ஏழு வருஷத்துச் செடி. அதைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய்க் கீழே குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். நான் தடுக்கவில்லை.

சாப்பிடும்போது கவரைப் பற்றிச் சொன்னேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"நெஜமாவா?"

"என் கையெழுத்து எனக்குத் தெரியாதுங்களா?"

"அந்தப் புள்ளையா?" என்றார் மறுபடியும். அவள் எங்கள் வீட்டில் அண்ணன் என்று கூப்பிடுவது அவரைத்தான். அவளுடைய பையனுக்கு முதல் மொட்டை அடித்தபோது தாய்மாமன் ஊரில் இருந்ததால் மடியில் வைத்துக்கொண்டவரும் அவர்தான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எதுவுமே நடக்காத மாதிரி இருந்தார். ஆனால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு வீட்டு ஆண்களும் கீழே நடக்கப் போகும் பழக்கம் நின்றது. அவர் தனியாக எதிர்த் திசையில் நடந்தார்.

மூன்று வாரம் கழித்து அந்த அதிகாரியே போன் செய்தார். "ஹலாஸ் மேடம். முடிந்தது. கர்கதே வகை என்று லேப் சொல்கிறது" என்றார். கர்கதே என்பது இங்கே எல்லாக் கடையிலும் விற்கும் சிவப்புப் பானம். அதன் செடி புளிச்சக்கீரைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். பாஸ்போர்ட்டைக் கொடுத்தபோது விதைப் பாட்டிலையும் மேசைமேல் வைத்தார். எடுத்துப்போகலாம் என்றார். எனக்கு வேண்டாம் என்றேன். இனி வளர்ப்பதானால் முதலில் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு வளருங்கள் என்று புத்தி சொன்னார். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார்.

அதற்கு அடுத்த நாள் குப்பை போடும் அறையில் அவளைப் பார்த்தேன். எங்கள் மாடியின் கோடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறை. ஒரு ஆள்தான் நிற்கலாம். நான் பையைக் குப்பை இறங்கும் குழாயில் தள்ளிவிட்டுத் திரும்பினேன். அவள் கையில் பையோடு வாசலில் நின்றாள். ஒதுங்க இடமில்லை.

"அக்கா" என்றாள். கண் நிறைந்திருந்தது. "எல்லாம் சரியாப் போச்சுன்னு நாத்தூர் சொன்னாரு. நான் கும்பிடாத சாமி இல்லக்கா."

"கவரை எதுக்குப் படம் எடுத்த?"

அவள் பையைக் கீழே வைத்தாள். 

"அவரு ஆபீஸ்ல யாரோ ஒரு வீடியோ காட்டிருக்காய்ங்க. இப்படி வீட்ல வளத்து மாட்டுனவன்னு. அவரு வீட்டுக்கு வந்து பால்கனியப் பாத்தவரு அப்படியே உக்காந்துட்டாரு. அவரு வேலைக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் எல்லாம் வேணும்க்கா. ஒரு சின்னக் கறை விழுந்தாலும் தூக்கிருவாய்ங்க. கவர்ல பேரைப் படிச்சிட்டு இன்னும் பயந்துட்டாரு. எப்படியும் எதிர் பில்டிங்ல யாராச்சும் பாத்துச் சொல்லிருவாய்ங்க, அதுக்கு முன்னாடி நாமளே சொல்லிட்டா நம்ம மேல வராதுன்னாரு."

"சரி. அது அவரு. நீ?"

"நான் என்ன செய்ய?"

"நீ தின்னியே. விதையக் கடிச்சுப் பாத்தியே. அது என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

"நடுவுல ஒரு சுவரு. இந்தப் பக்கம் நான்தானே நின்னேன். அக்கா, இப்படிப் பயமா இருக்கு, நீங்களும் பிடுங்கிப் போட்டுருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அஞ்சு நிமிஷத்துல பிடுங்கியிருக்க மாட்டனா? பூச்சின்னு சொன்னியே."

அவள் சுவரில் சாய்ந்தாள். பிறகு முகம் மாறியது. "நீங்க மட்டும் என்னவாம்? அந்தக் கவர் யாருட்ட இருந்துச்சோ அவங்களுக்குக் குடுத்தேன்னு சொன்னீங்களாமே. அவரையும் கூப்பிட்டு ஒரு மணி நேரம் விசாரிச்சாய்ங்க, தெரியுமா? மூணு நாளு அவரு சாப்பிடல."

"என்ன கேட்டாங்களோ அதுக்குப் பதில் சொன்னேன். உன் பேரை நான் சொல்லல. உன் பால்கனியைப் பத்தியும் ஒண்ணும் சொல்லல."

"அக்கா, என் நெலமைல நீங்க இருந்தா…"

"இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு எனக்குத் தெரியாது கண்ணு" என்றேன். அது உண்மை. "ஆனா வெளியாளுன்னு சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் அழத் தொடங்கினாள். முன்பெல்லாம் அவள் அழுதால் என் கை தானாகப் போய் அவள் முதுகைத் தடவும். அன்றைக்கும் கை எழுந்தது. அதைக் கீழே இறக்குவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "எங்க வீட்டுச் சாவியை நாத்தூர்கிட்ட குடுத்துரு" என்று சொல்லிவிட்டு அவளை இடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மாலையில் நாத்தூர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் கோத்திருந்த சின்ன மீனாட்சி படம் வளையத்தில் இல்லை. கழற்றிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஐந்து மாதம் அதே மாடியில் இருந்தோம். லிஃப்டில் சேர்ந்தால் இரண்டு பேரும் நம்பர் பலகையைப் பார்ப்போம். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் பேசிக்கொண்டார்கள், வீட்டில் பேசவில்லை. என் மகள் ஒரு நாள், "அம்மா, டிட் ஆன்ட்டி டூ சம்திங்?" என்று கேட்டாள். பெரியவர்களுக்குள் ஒரு மனஸ்தாபம் என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கட்டடத்தில் மற்ற தமிழர்கள் என்னோடு முன்புபோலவே பழகினார்கள். ஆனால் கோயிலில் பார்த்தால் முதலில் என்மேல் ஒரு பார்வை, அப்புறம் சிரிப்பு. லேப் முடிவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டா திரிய முடியும்?

போன மாதம் அவர்கள் அபுதாபிக்குக் குடிபோனார்கள். அவருக்கு அங்கே மாற்றல். காலையிலிருந்தே சாமான் ஏற்றும் சத்தம் கேட்டது. டேப் கிழிக்கிற சத்தம், ஹிந்தியில் ஆட்கள் கத்துவது, லிஃப்ட் கதவு. நான் சாம்பாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. ஒரு தரம் அடித்துவிட்டு, கொஞ்சம் விட்டு, சின்னதாக இன்னொரு தரம். ஒன்பது வருஷமாக அவள் மட்டும்தான் அப்படி அடிப்பாள். கத்தியைக் கீழே வைத்தேன். அடுப்பை அணைத்தேன். ஹால் வரை நடந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய சின்னப் பையன் ஏதோ கேட்பதும் அவள் "இருடா" என்பதும் கேட்டன. அங்கேயே நின்றேன். மூன்றாவது தரம் மணி அடிக்கவில்லை. லிஃப்ட் வந்தது. இறங்கியது.

மாலையில் வீட்டுக்காரர் வந்ததும் பக்கத்து வாசலைப் பார்த்திருப்பார் போல.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"சொல்லிக்க வந்தாளா?"

"வந்தா."

"பேசுனியா?"

"இல்லீங்க."

அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். கைகழுவப் போனார். நான் தட்டு வைத்தேன்.